‘தார்’ என்ற சொல்லின் மேல் போட்ட பழி

பிளேடுகளை நானே வீட்டில் சாணை பிடித்துவிட்டால் என்ன என்ற யோசனை, கல்கத்தாவில் கிடர்பூர் பாலத்துக்குப் பக்கத்தில் நகராமல் நின்ற ஒரு பஸ்ஸுக்குள் எனக்கு வந்தது. மடியில் துணிப்பை. பைக்குள் செய்தித்தாளில் சுற்றிய மூன்று இழைப்பு மெஷின் பிளேடுகள், ஒவ்வொன்றும் ஓரடி நீளம், மூன்றும் மழுங்கியவை. சாணைக் கடையில் வாங்க மறுத்துவிட்டார்கள். துர்கா பூஜைக்கு இரண்டே வாரம் இருக்கிறது, ஊரிலுள்ள எல்லாப் பட்டறையும் இங்கேதான் நிற்கிறது, பண்டிகை முடிந்து வாருங்கள் என்று கையை விரித்துவிட்டார்கள். பஸ்ஸுக்கு முன்னால் ஒரு கைவண்டி குறுக்கே மாட்டிக்கொண்டிருந்தது. நான் ஃபோனை எடுத்துத் தேடினேன். வைரத்தூள் பூசிய தட்டு, பிளேடைக் கோணம் மாறாமல் பிடிக்கும் சட்டம், தண்ணீர் சொட்டும் சிறிய சாணைச் சக்கரம், எல்லாவற்றுக்கும் வீடியோ இருந்தது. கைவண்டி விலகுவதற்குள் ஐந்து வீடியோ பார்த்துவிட்டேன். “இவ்வளவுதானா!” என்று வாய்விட்டே சொன்னேன். பக்கத்து இருக்கை அம்மாள் திரும்பிப் பார்த்தார்.

அந்த ‘இவ்வளவுதானா’ ஒரு மனிதரின் இடது கையில் இரண்டு விரல்களை எடுத்தது. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், கடைசிவரை உங்களைக் காக்கவைப்பதில் எனக்கு விருப்பமில்லை. விரல்களைவிட மோசமான ஒன்றும் இருக்கிறது. அது முழுக்கத் தன்னுடைய தப்பு என்று அவர் இன்றுவரை நம்புகிறார். நம்பிக்கொண்டு, இனி மெஷின் பக்கமே போவதில்லை என்று ஊரில் உட்கார்ந்திருக்கிறார். 

கோவையில் மரவேலைப் பயிற்சி நடத்தும் என் கல்லூரித் தோழி, புதிதாகச் சேர்ந்திருக்கும் உங்களுக்காகப் பணி அனுபவம் எழுதித் தரச் சொன்னாள். எனக்கு வயது இருபத்தொன்பது. அனுபவம் எழுதுகிற வயதா என்று சிரிப்பீர்கள். தொழிலை விட்டாயிற்று, ஆகவே தகுதி வந்துவிட்டது என்று வைத்துக்கொள்ளுங்கள். எந்த மெஷினை எப்படி ஓட்டுவது என்று நான் எழுதப்போவதில்லை. அதற்கு உங்களிடம் புத்தகம் இருக்கிறது.

அப்பாவுக்கு வங்கி வேலை, அதனால் கல்கத்தா. லேக் கார்டன்ஸில் வளர்ந்தேன், வீட்டில் தமிழும் வெளியில் வங்காளமுமாக. எஞ்சினியரிங் மட்டும் கோவையில். படித்து முடித்துத் திரும்பிவந்து இரண்டு வருடம் ஓர் அலுவலகத்தில் இருந்தேன். என்னால் நாற்காலியில் உட்கார முடியவில்லை. பாலிகஞ்ச் ஸ்டேஷனுக்கு அந்தப் பக்கம் ஒரு சந்தில் தகரக் கூரை போட்ட இடம் கிடைத்தது. இந்த ஊரில் பழைய வீடுகளை இடித்தபடியே இருப்பார்கள். இடிக்கிற இடத்தில் பர்மா தேக்கு உத்தரங்கள் கிடைக்கும். அவற்றை இழைத்துச் சன்னல் கதவும் அலமாரியும் செய்வது எங்கள் வேலை. அந்த உத்தரங்களுக்குள் நூறு வருடத்து ஆணிகள் ஒளிந்திருக்கும். எவ்வளவு தேடிப் பிடுங்கினாலும் ஒன்றிரண்டு தப்பும். தப்பிய ஆணி பிளேடைக் கடிக்கும். சாணைக் கடைக்கு நாங்கள் மற்றவர்களைவிட அதிகமாக ஓடியது அதனால்தான்.

பட்டறையில் மூன்று பேர். நான், ஐம்பது வயதுத் தச்சர் சியாமள்தா, அந்தோணி. அந்தோணி தூத்துக்குடிக்காரர், என்னைவிட நான்கைந்து வயது மூத்தவர். கிடர்பூர் துறைமுகத்தில் சரக்குப் பெட்டி அடிக்கிற வேலைக்கு வந்தவர். சாணைக் கடை வாசலில் யாரோ தமிழில் திட்டுவதைக் கேட்டுத் திரும்பினேன், அப்படித்தான் அறிமுகம். இந்த ஊரில் அண்ணன் வயதுக்காரர்களைப் பெயரோடு ‘தா’ சேர்த்துக் கூப்பிடுவோம். நானும் அவரை அப்படியே கூப்பிட்டேன். இரண்டு நாள் பொறுத்தார்.

“என்னத்தத் தரச் சொல்லுதிய? காலையில இருந்து அந்தோணி தா, அந்தோணி தாங்கிய. கையில ஒரு உளிதான் இருக்கு, இந்தாங்க.”

“தான்னா இங்க அண்ணான்னு அர்த்தம்.”

“அப்ப அண்ணாச்சின்னே கூப்பிடுங்க. அந்த வார்த்தையைக் காதுல கேட்டு ரெண்டு வருசமாச்சு.”

அண்ணாச்சி ஆனார். நான் அவருக்கு இஞ்சினியரம்மா. பாதி மரியாதை, பாதி கிண்டல். அவருடைய வங்காளம் பட்டறையிலேயே காதால் பிடித்தது. ஆணி, பசை, உளி, இழை, அறு, தூக்கு, இறக்கு, இவ்வளவும் தெளிவாகத் தெரியும். இவற்றைத் தாண்டினால் புன்னகைதான்.

சாணைக் கடையைத் தெய்வம் போல நான் பேசப்போவதாக நினைக்காதீர்கள். ஒருமுறை எங்கள் பிளேடுகளுக்குப் பதிலாக வேறு யாருடையதையோ கட்டிக் கொடுத்துவிட்டார்கள். பட்டறைக்கு வந்து பிரித்தால் இரண்டு அங்குலம் நீளம் அதிகம். திரும்பப் போனால், எங்களுடையதை ஹவுராப் பக்கத்து ஆள் ஒருவன் எடுத்துப் போயிருந்தான். அவனுக்கு நீளம் போதவில்லை, அவனும் அங்கே நின்று கத்திக்கொண்டிருந்தான். இரண்டு பேரும் மாற்றிக்கொண்டு, கடைக்காரனைச் சேர்ந்து திட்டிவிட்டு வந்தோம். இம்மாதிரி நாட்கள் பஸ்ஸில் வந்த என் யோசனைக்கு உரம் போட்டன. 

லேக் கார்டன்ஸ் வீட்டின் மூன்றாம் மாடி பால்கனியில் சாணைச் சக்கரத்தை வைத்தேன். அம்மாவுக்கும் எனக்கும் தினமும் போர். கீழ் வீட்டு வங்காளி அண்ணியை, அதாவது பௌதியை, அம்மா சாட்சிக்கு இழுப்பாள்.

“புடவையெல்லாம் துருப்பொடி! உலர்த்தறதா, மறுபடி தோய்க்கறதா? கீழ் வீட்டு பௌதி மாடி ஏறி வந்து கேக்கறா, ‘மாசிமா, வீட்டுல ஃபேக்டரியா தொறந்திருக்கீங்க?’ன்னு.”

“என்ன சொன்னே?”

“ஆமா, பொண்ணு எஞ்சினியர்னு சொன்னேன். வேற என்னத்த சொல்ல?”

முதலில் உளிகள். அப்புறம் கை இழைப்புளியின் இரும்புகள். உண்மையைச் சொல்ல வேண்டும், அவை மிக நன்றாக வந்தன. அண்ணாச்சி ஓர் உளியைத் தேக்கில் வைத்துத் தள்ளிவிட்டு, “வெண்ணெய மாரி போகுதே! இஞ்சினியரம்மா, நாளைக்கே சோலிய விட்டுட்டு உளி தீட்டுத கட போடுங்க” என்றார். கை உளியை வீட்டில் தீட்டலாம், தீட்டத்தான் வேண்டும். கூர் தப்பாக வந்தால் மரம் சொல்லிவிடும், மறுபடி தீட்டிக்கொள்ளலாம். நான் செய்த தவறு, உளி வந்துவிட்டதால் எல்லாம் வந்துவிட்டது என்று கணக்குப் போட்டது.

அடுத்து ரம்ப பிளேடில் கை வைத்தேன். அதன் ஒவ்வொரு பல்லின் நுனியிலும் கடினமான உலோகத் துண்டு ஒன்றை ஒட்டியிருப்பார்கள். என் சக்கரம் அதற்கானதல்ல. நான்காவது பல்லில் அந்தத் துண்டு பிய்ந்து, என் காதை ஒட்டிப் போய், பால்கனிக் கதவு நிலையில் குத்தி நின்றது. அன்று நான் எடுத்துக்கொண்ட பாடம், பாதுகாப்புக் கண்ணாடி வாங்க வேண்டும் என்பது. மறுநாளே வாங்கினேன். பாருங்கள், புத்திசாலிக்குப் பாடம் எவ்வளவு சுருக்கமாக ஏறுகிறது.

பிறகுதான் இழைப்பு மெஷின் பிளேடு. எங்களிடம் மூன்று செட் இருந்தன. இரண்டு நல்லவை. ஒன்று மெஷினில் ஓடும்போது மற்றது கிடர்பூரில் சாணை கண்டு வந்து அலமாரி இழுப்பறையில் காத்திருக்கும். மூன்றாவது பழையது, பல வருடம் சாணை பிடித்துப் பிடித்து அகலம் குறைந்துபோனது. பழகிப் பார்க்க அதைத்தான் எடுத்தேன். மூன்று வார இறுதிகள் அதோடு போராடினேன். ஆணி கடித்த பள்ளத்தை எடுக்கத் தேய்த்தேன். ஒரு மூலை தாழ்ந்தது. அதைச் சரிசெய்ய முழுதும் தேய்த்தேன். ஒன்று மற்றதைவிடக் குறைந்தது. மூன்றையும் சமமாக்கத் தேய்த்தேன். கடைசியில் கண்ணாடி மாதிரி ஆனது. முகம் பார்க்கலாம். முன்கை முடியை அதால் வழித்து, வீடியோ எடுத்து நண்பர்களுக்கெல்லாம் அனுப்பினேன். 

எடை சமமாக இருக்கிறதா என்று மட்டும் ஒரு சந்தேகம் இருந்தது. யாருக்கும் சொல்லாமல் கிடர்பூர் போனேன். சாணைக் கடையில் சக்கரத்தருகே இருந்தவன் என் வயதுக்காரன். இத்தனை நாள் போய்வந்தும் அவன் பெயரை நான் கேட்டதில்லை. காதில் பஞ்சு அடைத்திருந்தான். அவன் வங்காளத்தில் பேசியதைத் தமிழில் தருகிறேன், அக்கா என்பதற்கான ‘திதி’யை மட்டும் அப்படியே விட்டு.

“யார் பிடிச்சது?”

“நான்தான்.”

வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தான். “ஃபினிஷ் நல்லாருக்கு.” எனக்கு மனசு குளிர்ந்தது. பிறகு அளவுமானியை எடுத்து, ஒவ்வொரு பிளேடின் அகலத்தையும் மூன்று இடத்தில் அளந்து, ஒரு சிறிய சீட்டில் எண்களை எழுதி, சீட்டை நூலால் கட்டினான். அப்போதுதான் உறைத்தது. கிடர்பூரிலிருந்து வருகிற ஒவ்வொரு கட்டிலும் இப்படி ஒரு சீட்டு தொங்கும். டோக்கன் எண் என்று நினைத்து இத்தனை நாளும் கிழித்துப் போட்டுவந்தேன். அவன் மூன்றையும் காலடியில் இருந்த இரும்புக் கழிவுத் தட்டில் போட்டான். அந்தச் சத்தம் எனக்கு அறை மாதிரி இருந்தது.

“என்ன பண்றீங்க?”

“இது முடிஞ்சுபோச்சு.”

“ஏன், கூர் இல்லையா?”

“கூர் என்னைவிட நல்லா வந்திருக்கு உங்களுக்கு. பிடிக்கத்தான் இடம் இல்ல.” என் செய்தித்தாளின் விளிம்பை மட்டும் இரண்டு விரல் நுனியால் கவ்விக் காட்டினான். மறு கையால் தாளைத் தட்டினான். தாள் பறந்து கீழே விழுந்தது. “மெஷின் உருளை இதை இறுக்கிப் பிடிக்கணும்னா இன்னும் அகலம் வேணும். சுத்தறப்ப ஒருநாள் வெளியே வரும்.”

“ஒரு மில்லிமீட்டர் குறையுமா?”

“ஒண்ணரை.”

“ஒண்ணரைதானே!”

அவன் சக்கரத்துப் பக்கம் திரும்பினான். நான் குனிந்து தட்டிலிருந்து பிளேடுகளைப் பொறுக்கினேன். “மாதிரிக்கு வெச்சுக்கறேன்.”

“இங்கயே விட்டுட்டுப் போங்க, திதி. மாதிரிக்குன்னு எடுத்துட்டுப் போறவங்க ஒருநாள் மெஷின்ல மாட்டிடுவாங்க.”

எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன். சீட்டைப் பஸ் டிக்கெட்டோடு சேர்த்துக் கசக்கிப் போட்டேன். ஏன் என்று எத்தனையோ முறை கேட்டுக்கொண்டாயிற்று. மூன்று வார உழைப்பு. முகம் தெரிகிற விளிம்பு. அதைக் கழிவில் போட்டுவிட்டு, ‘முடியவில்லை’ என்று பட்டறையில் சொல்ல வாய் வரவில்லை. இழுப்பறையின் பின்பக்கத்தில் வைத்தேன். கிடர்பூரில் என்ன சொன்னார்கள் என்று அண்ணாச்சி கேட்டார். “ஃபினிஷ் நல்லாருக்குன்னாங்க” என்றேன். அவன் அப்படிச் சொன்னது உண்மைதான்.

“நாஞ் சொல்லல? அவனுவ சக்கரத்துக்கு மாலைய போடுங்க இனிமே” என்றார் அண்ணாச்சி.

பஸ்ஸில் அந்த யோசனை வந்து ஏறக்குறைய ஒரு வருடம் கழித்து, போன வருடப் பூஜைக்கு முந்தைய வாரம். பாலிகஞ்சில் ஒரு பழைய வீட்டுக்குச் சட்டமும் பலகையுமாக இருபது சன்னல் கதவுகள். பூஜை தொடங்கும் ஷஷ்டிக்கு முன்னால் மாட்டிக் கொடுத்தாக வேண்டும், வெளிநாட்டிலிருந்து மகன் குடும்பம் வருகிறது. நான் அந்த வீட்டில் அளவெடுத்துக்கொண்டிருந்தேன். சியாமள்தா ஊருக்குக் கிளம்பும் நாள். பக்கத்துப் பட்டறையில் இதே மெஷின், அவர்களுடைய பிளேடு கிடர்பூர் வரிசையில் மாட்டிக்கொண்டுவிட்டது. சியாமள்தா எங்கள் இழுப்பறையிலிருந்த நல்ல செட்டைக் கட்டோடு எடுத்து அவர்களுக்குக் கொடுத்தார். இந்தச் சந்தில் அது வழக்கம்தான், நாங்களும் வாங்கியிருக்கிறோம். கிளம்பும்போது அண்ணாச்சியிடம் சொல்லிவிட்டுப் போனார்.

“பாலோ செட்டா தார் தியேச்சி, புஜ்லே ஆன்டனி?”

“புஜேச்சி தாதா, புஜேச்சி.” புரிந்தது அண்ணா, புரிந்தது.

வங்காளத்தில் ‘தார்’ என்றால் கூர். ‘தார்’ என்றால் இரவல். தார் கொடுத்தேன் என்றால் கூர் தீட்டினேன் என்றும் ஆகும், இரவல் கொடுத்தேன் என்றும் ஆகும். சியாமள்தா சொன்னது, நல்ல செட்டை இரவல் கொடுத்திருக்கிறேன் என்று. அண்ணாச்சிக்குப் பட்டறைக்குள் கேட்டுப் பழகிய தார் ஒன்றே ஒன்றுதான். அவர் காதில் விழுந்தது, நல்ல செட்டைக் கூர் தீட்டி வைத்திருக்கிறேன் என்று.

மதியம் எனக்கு ஃபோன் வந்தது. 

“இஞ்சினியரம்மா, போட்டிருக்க செட்டு மழுங்கிட்டு. கட்டைய இழைக்கல, கடிக்கி. மாத்திரட்டா?”

நான் ஏணிமேல் இருந்தேன். கீழே வீட்டுக்கார அம்மாள், ஷஷ்டிக்குள் முடிந்துவிடும்தானே என்று நான்காவது முறையாகக் கேட்டுக்கொண்டிருந்தார். 

“இன்னொரு செட் இருக்கில்ல?”

“இருக்கு. தார் போட்டு வெச்சிருக்கம்னு தாதா சொல்லிட்டுத்தான் போனாரு. பளபளன்னு கெடக்கு.”

இந்த இடத்தில் கொஞ்சம் நில்லுங்கள். கிடர்பூரிலிருந்து வருகிற பிளேடு பளபளவென்று இருக்காது. சாம்பல் நிறத்தில், சக்கரத்தின் கோடுகளோடு வரும். எங்கள் பட்டறையில் பளபளத்தது ஒரே ஒரு செட்தான். அந்தச் சொல் என் காதில் விழுந்தது. தமிழ்ச் சொல், தெளிவாக விழுந்தது. எங்கோ உள்ளே ஏதோ இடறியது. ‘எந்த செட், அகலத்தை அளந்து சொல்லுங்க’ என்று ஒரு வாக்கியம் போதும். அதைக் கேட்டால் அடுத்து அவர் ‘ஏன்’ என்பார். ஏன் என்றால் கிடர்பூரை நான் சொல்ல வேண்டும். கீழே அம்மாள் ஐந்தாவது முறை கேட்டார்.

“மாத்துங்க அண்ணாச்சி” என்றேன்.

முக்கால் மணி நேரத்தில் பக்கத்துப் பட்டறைக்காரர் ஃபோன் செய்தார். நான் போனபோது அண்ணாச்சி சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். கையைக் கம்ச்சாத் துண்டால் யாரோ சுற்றியிருந்தார்கள், துண்டின் கட்டம் தெரியவில்லை. ஒரு பிளேடு உருளையை விட்டு நகர்ந்து கட்டையைக் கவ்வி எறிந்திருக்கிறது. கட்டையை அழுத்திக்கொண்டிருந்த கை, கட்டை போன இடத்தில் விழுந்திருக்கிறது. 

என்னைப் பார்த்ததும் அவர் சொன்ன முதல் வார்த்தை: “மெஷினு போச்சே இஞ்சினியரம்மா. உருள வாயப் பொளந்துட்டு.”

நடு விரல், மோதிர விரல். இரண்டும் பாதிக்கு மேல் இல்லை. 

மறுநாள் காலை சியாமள்தா ஊரிலிருந்து ஆஸ்பத்திரிக்கு ஓடிவந்தார். வெளியே பந்தல்களில் தாக் என்ற பூஜை மேளம் ஆரம்பித்துவிட்டது. கட்டிலருகே நின்று, யார் என்ன சொன்னார்கள், யார் என்ன கேட்டார்கள் என்று இரண்டு பேரும் பாதி வங்காளமும் பாதி சைகையுமாக அடுக்கிப் பார்த்தார்கள். நான் நடுவில் நின்று மொழிபெயர்த்தேன். ‘தார்’ வந்ததும் சியாமள்தாவுக்குப் பொறி தட்டியது. நெற்றியில் அடித்துக்கொண்டார்.

“ஏன் அந்த வார்த்தையைச் சொன்னேன்! பக்கத்துப் பட்டறைக்குக் குடுத்திருக்கேன்னு சொல்லித் தொலைச்சிருக்கலாமே!”

“தாதா மேல தப்பு இல்லன்னு சொல்லுங்க” என்றார் அண்ணாச்சி என்னிடம். “புரியாமலே புஜேச்சி புஜேச்சின்னு மண்டைய ஆட்டினவன் நானு. நாலு வருசமா ஆட்டிட்டு இருக்கேன். இன்னைக்கு அது வெலய கேட்டுட்டு.”

சியாமள்தா கண்ணைத் துடைத்துக்கொண்டு என் பக்கம் திரும்பினார். “அந்தப் பழைய செட் ஏன் டிராயர்ல இருந்தது, திதிமணி?”

“தூக்கிப் போட மறந்துட்டேன், சியாமள்தா” என்றேன். 

இரண்டு பேரும் என்னையே பார்த்தார்கள். ஏதாவது சொல்ல வேண்டியிருந்தது. “அந்த வார்த்தைதான் சனியன்” என்றேன், முதலில் தமிழில், அப்புறம் வங்காளத்தில். இரண்டு பேரும் தலையாட்டினார்கள். மூவருக்கும் ஒரு நிம்மதி வந்தது. என்னுடைய நிம்மதிதான் பெரியது.

அன்று முதல் கேட்டவர்களுக்கெல்லாம் இந்தக் கதையைத்தான் சொன்னேன். அம்மாவிடம், கீழ் வீட்டு பௌதியிடம், தோழிகளிடம். ஒரு சொல்லுக்கு இரண்டு அர்த்தம், இரண்டு விரல் போயிற்று. கேட்பவர்கள் ‘அடப்பாவமே’ என்பார்கள், அப்படியே உறைந்துபோவார்கள். நன்றாகச் சொல்ல வந்தது எனக்கு. நன்றாகச் சொல்ல வந்த ஒவ்வொரு முறையும் அண்ணாச்சியின் பழிமேல் இன்னொரு ஆணி அறைந்துகொண்டிருந்தேன் என்பது மெதுவாகத்தான் தெரிந்தது.

குளிர்காலத்தில் பட்டறையை மூடினேன். சியாமள்தா பக்கத்துப் பட்டறைக்கே போய்விட்டார். நான் திரும்பவும் ஒரு நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறேன், இப்போது உட்கார முடிகிறது. அண்ணாச்சி ஊருக்குப் போனார். ஞாயிற்றுக்கிழமைகளில் கோயிலுக்குப் போய்வந்த பிறகு குரல் செய்தி அனுப்புவார். பிள்ளைகள் பள்ளிக்கூடம், மழை, மீன், கொஞ்சம் கிண்டல். போன மாதம் வந்ததை இங்கே எழுதுகிறேன், திரும்பத் திரும்பக் கேட்டதில் மனப்பாடம்.

“இஞ்சினியரம்மா, மச்சான் ஒரு நாற்காலி கம்பெனில பேசிட்டு வந்தான். மெஷின் செக்சன பாத்துக்கிடணுமாம், கையால செய்ய வேண்டாம், மேற்பார்வதான். நல்ல மனுசங்கதான். நாந்தான் வேண்டாம்னுட்டேன். எனக்குக் காது தப்பா விழுது. அவன் ஒண்ணு சொல்ல நான் ஒண்ணு கேட்டு, இன்னொரு பயலோட கை போயிரும். என் கையோட போகட்டும். மச்சானுக்குக் கோவம், வீட்டுக்காரி பேச மாட்டேங்கா. நீங்க எப்படி இருக்கிய? அந்த செட்ட நெனச்சாத்தான் மனசுக்கு ஆறல. எவ்வளவு அழகா தீட்டி வெச்சிருந்திய, நான் மாட்டி ஒடச்சிட்டேன்.”

இதற்குப் பதிலாக நான் ஒரு கைகூப்பும் படத்தை அனுப்பினேன்.

அவர் விரல்களை வாங்கியது அவர் காது அல்ல. தார் என்பதை அவர் தப்பாகவே கேட்டிருந்தாலும், இழுப்பறையில் அந்த செட் இல்லாவிட்டால் அவருக்குக் கிடைத்திருப்பது வெறும் இழுப்பறை. இழுத்துத் தேடியிருப்பார், திட்டியிருப்பார், எனக்கு ஃபோன் செய்திருப்பார், ஒருநாள் வேலை கெட்டிருக்கும். அவ்வளவுதான்.

வீட்டில் சாணை பிடிக்கலாமா, கடையில் கொடுக்கலாமா என்பது உங்கள் ஆசிரியை கொடுத்த தலைப்பு. நேரடியாகவே சொல்கிறேன். கூர் வீட்டிலும் வரும். என் கூர் கடைக்காரனுடையதைவிட மேல், அவனே சொன்னான். கடையில் நமக்குக் கிடைப்பது கூர் மட்டும் அல்ல. அந்த பிளேடுக்காக மூன்று வாரம் செலவழிக்காத ஒரு ஆள் அங்கே இருக்கிறான். அவனால் அதைத் தட்டில் போட முடியும். தீட்டியவரே அதை மெஷினில் மாட்டலாமா கூடாதா என்று தீர்மானிக்கக் கூடாது, குறிப்பாக அவர் என் மாதிரி ஆளாக இருந்தால். கடையில் சீட்டுக் கட்டிக் கொடுத்தால் படியுங்கள். புரியவில்லை என்றால் கேளுங்கள். கழிவுத் தட்டில் விழுந்ததைக் குனிந்து எடுக்காதீர்கள். இதெல்லாம் உங்களுக்கு உதவலாம். எனக்கு உதவவில்லை. எனக்கு இதெல்லாம் கிடர்பூரில் ஐந்து நிமிடத்தில் தெளிவாகச் சொல்லப்பட்டது, நானும் புரிந்துகொண்டேன். புரிந்துகொண்டவர் அண்ணாச்சி இல்லை, நான்.

தோழி இந்த மாத இறுதிக்குள் கேட்டிருக்கிறாள். அண்ணாச்சி அறிவதற்கு முன்னால் நீங்கள் இதைப் படிப்பது நியாயமில்லை. ஃபோனில் சொல்லிவிட மூன்று தடவை முயன்றேன். ஒரு தடவை அவருடைய பையனின் பரீட்சையைப் பற்றி அரை மணி நேரம் பேசினேன். ஒரு தடவை மழையைப் பற்றி. மூன்றாவது தடவை அவர் எடுத்து “சொல்லுங்க” என்றதும் கை தவறி அழைத்துவிட்டேன் என்றேன்.

அதனால் நேரில் போகிறேன். வெள்ளிக்கிழமை ஹவுராவில் ரயில், சென்னையில் மாறித் தூத்துக்குடி. நான் வருவது மட்டும் தெரியும் அவருக்கு, மீன் வாங்கி வைப்பதாகச் சொல்லியிருக்கிறார். சாப்பிடுவதற்கு முன்னால் சொல்லிவிட வேண்டும். அவர் வீட்டுச் சோற்றைத் தின்றுவிட்டால் நான் சொல்ல மாட்டேன், என்னை எனக்குத் தெரியும். கேட்டுவிட்டு அவர் நாற்காலி கம்பெனிக்குப் போவாரா, இல்லை என் முகத்திலேயே இனி விழிக்க மாட்டாரா, அது என் கையில் இல்லை. இரண்டுமேகூட நடக்கலாம். எதுவும் நடக்காமலும் போகலாம். மனைவி முன்னால் அவர் தலையைக் குனிந்துகொண்டு “பரவால்ல இஞ்சினியரம்மா” என்று சொல்லிவிடுவாரோ என்பதுதான் பெரிய பயம்.

முதல் வாக்கியம் தயாராகிவிட்டது. “அண்ணாச்சி, அந்த செட்டப் போடக் கூடாதுன்னு எனக்கு முன்னாடியே தெரியும்.” இதைத் தினமும் குளியலறையில் சத்தமாகச் சொல்லிப் பார்க்கிறேன். இது வந்துவிடுகிறது. இரண்டாவது வாக்கியம்தான் ஒவ்வொரு முறையும் “ஆனா” என்று ஆரம்பிக்கிறது. அந்த ‘ஆனா’ இல்லாமல் வாயை மூடிக்கொண்டு அவர் முன்னால் உட்கார முடிகிறதா என்று பார்க்க வேண்டும்.